படியெடுத்தலும் திருத்தலும்: கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு படைப்பைக் காப்பவரும் அதனைத் திருத்துபவரும் எதிரெதிர் நிலையினர் என்பது பொதுவான கருத்து. காப்பவர் உள்ளதை உள்ளவாறே வைக்க விழைகிறார்; திருத்துபவர் உள்ளதை வேறாக்க விழைகிறார். சுவடிப் பதிப்பில் பயின்றோர் இவ்வெதிர்நிலை அத்துணை எளியதன்று என்பதை அறிவர். படியெடுப்பவர் அறிந்தும் அறியாமலும் திருத்துகிறார். திருத்துபவரோ பல வேளைகளில் தாம் காப்பதாகவே நம்புகிறார். இப்பழைய சிக்கல் அண்மைக் காலத்தில் எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் எழுந்துள்ளது. கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவிகளில் செருகப்பட்ட கார்ட்ரிட்ஜ்களே அவ்விடம். இந்தியக் கடைகளில் இவ்வகைப் பொருள்கள் ‘கேசட்’ என்றே பெயர் பெற்றிருந்தன.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்னும் கருவியை 1989 ஏப்ரலில் வெளியிட்டது. அதுவும் 1998இல் அதன் வழி வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடிக்கும் மேல் விற்றன. குழந்தைகளுக்கான பொழுதுபோக்குப் பொருள் என்று கருதப்பட்டமையால், அவற்றிற்குரிய விளையாட்டுகளைத் தொகுத்துப் பேணும் எண்ணம் தொடக்கத்தில் நூலகங்களுக்கோ அருங்காட்சியகங்களுக்கோ எழவில்லை. அப்பணியைப் பெரும்பாலும் ஆர்வலர்களே மேற்கொண்டனர். அவர்களுள் பலர் படைப்பின் உரிமையாளர்களும் அல்லர். உரிமையாளரின் இசைவு பெற்றவர்களும் அல்லர். உரிமை பெறாத ஒருவர் ஒரு படைப்பைக் காக்கவும் மாற்றவும் முனையும்போது அவருக்குரிய கடமைகள் எவை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா.

படியெடுக்கும் முறை

கேம் பாய் கார்ட்ரிட்ஜின் நெகிழி உறைக்குள் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை உள்ளது. அதில் விளையாட்டின் நிரல் முழுவதும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட படிப்பு நினைவகச் சில்லு ஒன்று அமைந்திருக்கும். அதில் எழுத இயலாது. படிக்க மட்டுமே இயலும். டெட்ரிஸ் விளையாட்டின் நிரல் 32 கிலோபைட்டுகள் மட்டுமே. கேம் பாயின் செயலி ஒரே நேரத்தில் கார்ட்ரிட்ஜிலிருந்து காணக்கூடிய நிரற்பரப்பும் அவ்வளவே. அதனினும் பெரிய விளையாட்டுகளில், நிரலை 16 கிலோபைட்டுப் பகுதிகளாகப் பிரித்து, வேண்டும்போது வேண்டிய பகுதியைச் செயலியின் முன் நிறுத்தும் வேறொரு சில்லும் இருக்கும். படியெடுக்கும் கருவி கார்ட்ரிட்ஜின் உலோகப் பற்களோடு இணைந்து, செயலியைப் போலவே நடித்து, ஒவ்வொரு பகுதியையும் வரிசையாகக் கேட்டு வாங்கிக் கணிப்பொறியில் கோப்பாக எழுதுகிறது. பல் ஒன்றில் அழுக்குப் படிந்திருந்தால் படி பிழைபடும். பகுதி மாற்றும் சில்லின் இயல்பைத் தவறாகக் கணித்தால், ஒரே பகுதி இருமுறை பதிவாகி மற்றொன்று விடுபடும். ஏடெழுதுவோர் ஓரடியை இருமுறை எழுதி அடுத்த அடியை விட்டுவிடும் பிழைக்கு இது பெரிதும் ஒத்தது.

பிழையைக் கண்டறிய இருவழிகள் உள்ளன. ஒன்று, வெவ்வேறு கார்ட்ரிட்ஜ்களிலிருந்து வெவ்வேறு நபர்கள் எடுத்த படிகளை ஒப்பிடுதல். கோப்பின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணக்கிடப்படும் எஸ்.எச்.ஏ.-1 போன்ற அடையாள எண்கள் இதற்குப் பயன்படுகின்றன. ஒரேயொரு பைட்டு மாறினும் அடையாள எண் முற்றிலும் வேறாகிவிடும். இவ்வெண்களைத் தொகுத்து வைத்துள்ள ‘நோ-இன்ட்ரோ’ என்னும் தன்னார்வத் தொகுப்பின் பெயர்க்காரணம் பதிப்பாய்வாளர்க்குச் சுவையானது. முன்னாளில் விளையாட்டுகளைப் படியெடுத்துப் பரப்பிய குழுக்கள் தத்தம் பெயரை விளம்பும் அறிமுகக் காட்சிகளை விளையாட்டின் தொடக்கத்தில் செருகிவிட்டன. அவ்வகை இடைச்செருகல் இல்லாத பாடத்தையே ஏற்பது என்னும் கொள்கையைத் தன் பெயராகவே அத்தொகுப்பு சூடிக்கொண்டது.

இரண்டாவது வழி கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே உள்ளது. நிரலின் தலைப்பகுதியில் நிண்டெண்டோவின் பெயர்ச்சின்னம் 48 பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். கருவியை இயக்கியவுடன் அதனுள் உறையும் 256 பைட்டுத் தொடக்க நிரல் அச்சின்னத்தைத் திரையில் காட்டி, தன்னிடமுள்ள படியோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் இயங்க மறுக்கிறது. தலைப்பகுதியின் சிறு கூட்டுத்தொகை ஒன்றையும் சரிபார்க்கிறது. கார்ட்ரிட்ஜின் நிரல் முழுமைக்குமான மற்றொரு கூட்டுத்தொகையும் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருந்தாலும், கேம் பாய் அதனைச் சரிபார்ப்பதேயில்லை. முத்திரை உண்டா என்று வினவும் இயந்திரம், பாடம் பிழையற்றதா என்று வினவுவதில்லை. அதனால் அக்கூட்டுத்தொகை விளையாடுபவருக்குப் பயனற்றும், படியெடுப்பவருக்குப் பெரும் பயன் தருவதாயும் அமைந்துவிட்டது.

இவ்வமைப்பின் அறவியல் விளைவு ஆழமானது. ஒருவர் நிரலில் எத்தனை மாற்றம் செய்தாலும், கருவியில் அது இயங்க வேண்டுமாயின் நிண்டெண்டோவின் சின்னத்தைச் சுமந்தே தீரவேண்டும். திருத்தப்பட்ட பாடமும் மூல ஆசிரியரின் முத்திரையோடுதான் திரையில் தோன்றும். தாம் செய்யாத ஒன்றுக்குப் பொறுப்பேற்பதாக உரிமையாளரின் பெயர் சொல்ல, அதைத் தடுக்கத் திருத்துபவரால் இயலாது. ஆதலின், திருத்தியவர் தம் கைவண்ணத்தை வேறோரிடத்தில் வெளிப்படையாகச் சொல்லவேண்டிய கடமை மற்றக் கலைகளைவிட இங்கு மிகுதி.

பைட்டுகள் அனைத்தும் பிழையின்றிக் கிடைத்துவிட்டால் படைப்பு கிடைத்துவிட்டதாகுமா என்னும் வினாவும் உண்டு. முதற் கேம் பாயின் திரை 160 × 144 புள்ளிகளும் பச்சை சார்ந்த நான்கு நிறச்சாயல்களும் கொண்டது. விரைந்து நகரும் உருவம் மங்கி நிழல்விடும். படைத்தோர் அம்மங்கலை அறிந்தே வரைந்தனர். இன்றைய கணிப்பொறியில் எமுலேட்டர் வழி காண்பவர் மூலத்தினும் தெளிவான ஒன்றைக் காண்கிறார். இரு கருவிகளைக் கம்பியால் இணைத்து எதிரெதிரே அமர்ந்து ஆடிய நிலையைக் கோப்பு தராது. எனினும் இக்குறையைப் பெரிதாக்கிப் படியெடுத்தலையே பழிப்பது சரியன்று. பண் மறைந்த பின்னும் பாடலை அச்சிடுவதை எவரும் குறைகூறுவதில்லை.

உரிமையும் காலமும்

படியெடுத்தலுக்கு எதிரான வலுவான வாதம் உரிமை பற்றியது. படைத்தவர் உயிரோடிருக்கிறார், நிறுவனம் இன்றும் தொழில் நடத்துகிறது, அவர் இசைவின்றி அவர் பொருளைப் பெருக்குவது எவ்வாறு முறையாகும்? இதனை எளிதில் ஒதுக்க இயலாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, கணிப்பொறி நிரலின் படியை முறையாகப் பெற்றிருப்பவர் அது அழியவோ சிதையவோ கூடும் என்பதற்காக ஒரு மாற்றுப்படி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. ஆனால் அதனைத் தற்காலிகக் காப்பு என்றே அச்சட்டம் வரையறுக்கிறது. தன் கையிலுள்ள கார்ட்ரிட்ஜைக் காக்க இது போதும். ஒரு தலைமுறையின் விளையாட்டுத் தொகுதியைக் காக்க இது போதாது.

மறுபுறம் காலம் நிற்கிறது. 1989இல் ஒரு நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு, ஜப்பானியச் சட்டத்தின் 70 ஆண்டுக் கணக்குப்படி 2059 இறுதி வரையிலும், அமெரிக்கச் சட்டத்தின் 95 ஆண்டுக் கணக்குப்படி 2084 இறுதி வரையிலும் உரிமை நீடிக்கும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான வீடியோ விளையாட்டுகளுள் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. கேம் பாய் வகையில் விற்பனையில் இருந்தவை ஏறத்தாழ 6 விழுக்காடே என்றும் அவ்வாய்வு கண்டது. பழைய விளையாட்டுகள் பலவற்றை மின்னணு வடிவில் விற்ற நிண்டெண்டோவின் 3டிஎஸ் கடை 2023 மார்ச்சு 27இல் மூடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து கேம் பாய் விளையாட்டுகள் சில அந்நிறுவனத்தின் சந்தாச் சேவையில் கிடைக்கின்றன என்பதையும் நடுநிலை கருதிக் குறிப்பிட வேண்டும். ஆயினும் அவை நிறுவனம் தெரிந்தெடுத்தவை. சந்தா நின்றால் நிற்பவை. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமலே காண வழிசெய்ய வேண்டும் என்னும் கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்கவில்லை.

விற்கவும் மாட்டேன், பிறர் காக்கவும் விடேன் என்னும் நிலைப்பாட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அறத்தில் அதற்கு இடமுண்டா என்பது வேறு வினா. உடைமை என்பது பயன்கொள்ளும் உரிமையை உள்ளடக்கும். பொதுநினைவிலிருந்து ஒன்றை மறையச் செய்யும் உரிமையையும் அது உள்ளடக்குமா? 2084 வரை காத்திருக்குமாறு கூறுவது, பழுதாகிவரும் கார்ட்ரிட்ஜ்களைப் பொறுத்தவரை, காக்க வேண்டா என்று கூறுவதேயாகும். இந்நிலையில் படியெடுப்பவரைத் திருடர் என்று ஒரேயடியாக ஒதுக்குவது பொருந்தாது. அதேபோல், விற்பனையில் உள்ள ஒரு விளையாட்டை விலைகொடாமல் பெறுவதற்குக் ‘காப்பு’ என்னும் சொல்லைப் போர்வையாக்குவோரை அவரோடு சேர்த்து எண்ணுவதும் பொருந்தாது. இவ்விருவர்க்கும் இடைப்பட்ட கோட்டைப் பலர் வேண்டுமென்றே அழிக்கின்றனர் என்பது மறைக்கத்தக்கதன்று.

திருத்தத்தின் அறம்

மாற்றம் பற்றி இருநாட்டு நீதிமன்றங்கள் ஏறத்தாழ எதிரான முடிவுகளுக்கு வந்தன. விளையாட்டின் நிரலுக்கும் கருவிக்கும் இடையே புகுந்து சில மதிப்புகளை மாற்றித் தரும் ‘கேம் ஜீனி’ என்னும் துணைக்கருவி குறித்து நிண்டெண்டோவோடு நிகழ்ந்த வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் அக்கருவியை விற்ற கலூப் நிறுவனத்தின் பக்கம் நின்றது. மூலத்தைத் தன்னுள் நிலையாகக் கொண்ட புதிய படைப்பு எதனையும் அக்கருவி உண்டாக்கவில்லை என்பதும், தாம் வாங்கிய விளையாட்டை வீட்டில் மாற்றி ஆடுவது நியாயமான பயன்பாடே என்பதும் அதன் கருத்து. ஜப்பானிய உச்ச நீதிமன்றமோ 2001 பிப்ரவரியில் ‘டோகிமெக்கி மெமோரியல்’ வழக்கில் வேறு வழி சென்றது. அது கையடக்கக் கருவியின் விளையாட்டன்று. ஆயினும் அங்கு விற்கப்பட்டதும் நிரலன்று. கதைமாந்தரின் மதிப்புகளைத் தொடக்கத்திலேயே உயர்த்திவைத்த சேமிப்புத் தரவு மட்டுமே. அது கதையை ஆசிரியர் கருதிய எல்லைக்கு வெளியே இட்டுச்செல்கிறது. ஆதலின் படைப்பின் ஒருமைப்பாட்டைக் காக்கும் ஆசிரியரின் உரிமை மீறப்பட்டது என்று அம்மன்றம் கண்டது.

முதல் தீர்ப்பு ஆடுபவரை நோக்குகிறது. இரண்டாவது படைத்தவரை நோக்குகிறது. இரண்டாம் தீர்ப்பில் ஓர் உண்மை உள்ளது. கதையின் போக்கும் அருமையும் ஆசிரியர் அமைத்தவை. அவற்றைக் குலைப்பது அவருக்கு ஒருவகைத் தீங்கே. ஆனால் ஆசிரியர் கருதிய எல்லை என ஒன்று திட்டமாக உண்டா என்பதில் இடர்ப்பாடு எழுகிறது. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான போக்கிமான் விளையாட்டின் வரலாறு இதற்குச் சான்று. பிழைதேடும் கருவிகள் நீக்கப்பட்டபின் கார்ட்ரிட்ஜில் ஏறத்தாழ 300 பைட்டு இடம் எஞ்சியது. நிரலர் ஷிகெகி மொரிமோட்டோ அவ்விடத்தில் ‘மியூ’ என்னும் உயிரியைச் சேர்த்தார். முடிவுற்ற பாடம் என்று கருதப்பட்டதில் செருகப்பட்ட அவ்வுயிரி பின்னர் அவ்விளையாட்டின் பெரும்புகழுக்கு ஒரு காரணமாயிற்று. 1998இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் தோன்றும் ‘மிஸ்ஸிங்நோ’வோ எவராலும் படைக்கப்படாதது. நிரல் தவறான இடத்தைப் படிப்பதால் தோன்றும் சிதைந்த உருவம் அது. ஆடியவர் நினைவில் அதுவும் ஓர் உயிரியாகவே இடம்பெற்றுவிட்டது. இப்பிழையை நீக்கித் திருத்தம் வெளியிடுபவர் ஆசிரியரின் கருத்தைக் காக்கிறாரா, வரலாற்றை அழிக்கிறாரா? இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன எனலே பொருந்தும்.

எனவே, மாற்றம் நிகழ்ந்ததா என்பதைக் காட்டிலும் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே தீர்ப்புக்குரியது. திருத்துவோர் மரபில் தானாக உருவான வழக்கம் ஒன்று இதில் வழிகாட்டுகிறது. அவர்கள் திருத்தப்பட்ட விளையாட்டை வெளியிடாமல் ‘பேட்ச்’ எனப்படும் ஒட்டுக்கோப்பை மட்டும் வெளியிடுகின்றனர். மூலத்தின் எந்த இடத்தில் எத்தனை பைட்டுகள் நீங்கி எவை புகவேண்டும் என்னும் குறிப்புகளே அதில் இருக்கும். மூலப்பாடத்தை அச்சிடாமல் பாடவேறுபாட்டுப் பட்டியலை மட்டும் அச்சிடுவதற்கு இது நிகர். மூலம் வைத்திருப்பவருக்கே அது பயன்படும். ஐ.பி.எஸ். என்னும் பழைய வடிவம் மூலம் சரியானதா என்று பாராமல் எதன்மீதும் ஒட்டிவிடும். தவறான பதிப்பின்மீது ஒட்டினால் விளையாட்டு சிதையும். பின்னர் வந்த பி.பி.எஸ். வடிவம் மூலத்துக்கும் விளைவுக்கும் ஒட்டுக்கும் தனித்தனிச் சரிபார்ப்பு எண்களைத் தன்னுள் கொண்டது. மூலம் வேறாயின் ஒட்டுவதற்கு மறுக்கும். எந்தப் பாடத்தை மாற்றினோம் என்று திருத்துபவர் அறிவிக்கும் பொறுப்பு இங்குக் கோப்பின் அமைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஒட்டுக்கோப்பாக இருந்த ஒன்று, திருத்தம் செய்தவரை அறியாமலே, போலிக் கார்ட்ரிட்ஜாக அச்சிட்ட உறையோடு கடைக்கு வருவதும் உண்டு. வாங்குபவர் அதனை நிறுவனத்தின் பொருள் என்றே நம்புகிறார். மாற்றம் அதே, மாறியது வெளிப்படை மட்டுமே. முன்னது ஏற்கத்தக்கதாகவும் பின்னது ஏமாற்றாகவும் அமைவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

‘மதர் 3’ இவ்வாராய்ச்சிக்கு மிகக் கடினமான சான்று. ஷிகெசாட்டோ இட்டோய் எழுதிய இக்கதை விளையாட்டு, கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்காக 2006 ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்தது. தாயின் இறப்பும் குடும்பத்தின் சிதைவும் பேசும் இப்படைப்புக்கு நிறுவனம் ஆங்கில வடிவம் தரவில்லை. கிளைட் மாண்டலின் தலைமையிலான ஆர்வலர் குழு மொழிபெயர்த்து, 2008 அக்டோபரில் ஒட்டுக்கோப்பாக வெளியிட்டது. நிறுவனம் ஆங்கில வடிவம் வெளியிட முன்வருமாயின் தம் மொழிபெயர்ப்பைக் கட்டணமின்றித் தருவதாக மாண்டலின் பின்னர் அறிவித்தார். 2024 பிப்ரவரியில் நிறுவனம் அவ்விளையாட்டைத் தன் சந்தாச் சேவையில் மீண்டும் தந்தபோதும் ஜப்பானுக்கு மட்டுமே தந்தது. மொழிபெயர்ப்பு என்பது ஒவ்வொரு சொல்லையும் மாற்றும் செயல்; ‘ஒருமைப்பாடு’ என்பதைக் கண்டிப்பாகக் கொண்டால் இதனினும் பெரிய மீறல் இல்லை. இட்டோயின் சொல் ஒன்றுகூட அதில் எஞ்சவில்லை. எனினும் ஜப்பானிய மொழி அறியாத ஆயிரக்கணக்கானோர் இட்டோயை அறிந்தது அதன் வழியேதான். நிறுவனம் தராத ஒன்றைத் தந்து, தருமாயின் தாம் விலகுவதாகச் சொன்ன இவர்களின் செயலில் அபகரிப்பின் இயல்பு இல்லை.

ஆனால் இதே தருக்கத்தை எல்லைகடந்து நீட்டுவோர் உளர். படைத்தவரே வெளியிடாமல் விட்ட முன்வரைவுகளைப் பரப்புவது அத்தகையது. போக்கிமானின் இரண்டாம் தலைமுறை விளையாட்டுக்காக 1997இல் கண்காட்சியில் காட்டப்பட்ட முன்னோட்ட வடிவம் 2018இல் வெளிவந்தது. பொதுமக்கள் முன் ஒருகால் ஆடக் கொடுக்கப்பட்டது என்பதால் அதனை ஓரளவு ஏற்கலாம். 2020இல் நிறுவனத்தின் அகக் கோப்புகள் பெருமளவில் கசிந்து பரவியது அவ்வாறன்று. எவருக்கும் காட்ட எண்ணாத வரைவுகளும் பணியாளரின் குறிப்புகளும் அதில் அடங்கும். விற்ற பொருளை மறையாமல் காப்பதற்குச் சொன்ன காரணம் எதுவும் இங்குச் செல்லாது. எழுத்தாளரின் மேசை அறையை உடைத்தெடுத்த கைப்படி ஆய்வுக்குப் பயன்படலாம். அதனால் உடைத்தது சரியாகிவிடாது.

சேமிப்பு நினைவகம்

இதுவரை கூறியவை கோடிக்கணக்கில் அச்சான பாடத்தைப் பற்றியவை. ஒரு கார்ட்ரிட்ஜில் வேறெங்கும் இல்லாத ஒன்றும் உண்டு. போக்கிமான் போன்ற நெடிய விளையாட்டுகளில் ஆடியவர் எட்டிய நிலை 32 கிலோபைட்டுத் தனிநினைவகத்தில் பதிவாகிறது. டெட்ரிஸ் முழுவதும் அடங்கும் அதே அளவுதான் அது. நாணய வடிவிலான லித்தியம் மின்கலம் ஒன்றே அதற்கு உயிர். 1999இல் வெளிவந்த போக்கிமான் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்களில் பகலிரவைக் கணக்கிடும் கடிகாரத்தையும் அம்மின்கலமே ஓட்டுவதால் அது விரைவில் தீர்ந்துவிடும். மின்கலம் தீர்ந்தால் பதிவு போகும். தீருமுன் மாற்றலாம் என்று பழையதைக் கழற்றினாலும் பதிவு போகும். கார்ட்ரிட்ஜ் தொடர்ந்து பயன்பட வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு அதனைத் திறப்பவர், அதிலிருந்த ஒரேயொரு தனிப்படியை அழித்துவிடுகிறார். பெருந்தொகுப்புகளும் நிரலின் அடையாள எண்ணையே பதிகின்றன. சேமிப்பு நினைவகம் படியெடுப்பவர்க்குப் பெரும்பாலும் இரைச்சலே.

அவ்விரைச்சலில் ஒரு சிறுவன் தன் கதைமாந்தனுக்கு ஏழெழுத்துக்குள் இட்ட பெயர் உண்டு; அவன் வளர்த்த உயிரிகளுக்கு இட்ட செல்லப்பெயர்கள் உண்டு; எத்தனை மணிநேரம் ஆடினான் என்னும் கணக்கும் உண்டு. பழம்பொருள் கடையில் அதனை வாங்கியவர் பலகைக்கும் சில்லுக்கும் உரியவராகிறார். அப்பெயருக்கும் உரியவராகிறாரா? நிரலைக் காப்பதற்குச் சொல்லப்பட்ட நியாயம் பொதுநினைவு பற்றியது. இதுவோ ஒருவரின் தனிநினைவு. அழிப்பதும் தவறாகத் தோன்றுகிறது, அவரறியாமல் வெளியிடுவதும் தவறாகத் தோன்றுகிறது. எடுத்து வைத்துக்கொண்டு வெளியிடாதிருத்தல் என்னும் நடுவழி ஒன்று உண்டு. நிரலைப் படிக்கும் அதே கருவி சேமிப்பு நினைவகத்தையும் படித்துக் கோப்பாக்கும்; புதிய மின்கலத்தைப் பற்றவைத்த பின் அக்கோப்பைத் திரும்ப எழுதவும் செய்யும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். மின்கலத்தைக் கழற்றுமுன் செய்தாக வேண்டும்.